கட்டுவதா, விடுவதா, பிளேட் போடுவதா: குழந்தைகளின் முக எலும்பு முறிவில் எடுக்க வேண்டிய முடிவு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டு வாசற்படியில் வழுக்கி விழுந்த 8 வயதுப் பையனுக்கு மோவாய்க்கு அடியில் மூன்று தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் நாள் அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்த ஆயாதான் முதலில் கவனித்தார். வாயைத் திறக்கும்போதெல்லாம் தாடை இடப்பக்கமாக ஒதுங்கியது; மூடும்போது பற்கள் வழக்கமான இடத்தில் சேரவில்லை. டர்பனில் பல் மருத்துவம் பார்க்கும் என்னிடம் அழைத்து வந்தார்கள். அவனுடைய இரு காதுகளுக்கு முன்னாலும் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறக்கச் சொன்னேன். வலப்பக்கத்தில் தாடை மூட்டின் குமிழ் என் விரலுக்கடியில் உருண்டு முன்னால் வந்தது. இடப்பக்கத்தில் ஒன்றும் அசையவில்லை. மோவாயில் விழுந்த அடி தாடை வழியாக மேலேறி, காதுக்கு முன்னால் அந்தக் குமிழைத் தாங்கும் மூட்டுக் கழுத்தை முறித்திருந்தது. சி.டி. ஸ்கேனும் அதையே சொன்னது.

முக அறுவை மருத்துவர் அறுவை வேண்டாம் என்றார். சில நாள் ரப்பர் வளையம், மென்மையான உணவு, பிறகு வாய்ப்பயிற்சி, அவ்வளவுதான். பையனின் தாத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. இளமையில் ஒரு விபத்தில் அவருடைய தாடையும் உடைந்து, அதற்கு உலோகத் தகடு வைத்திருந்தார்கள். “எலும்பு உடைஞ்சிருக்குன்னு அவங்களே சொல்றாங்க, அப்புறம் சும்மா விடுங்கன்னும் அவங்களே சொல்றாங்களே டாக்டர்,” என்று கேட்டார். பணமில்லாதவர்களுக்குத்தான் இப்படிச் சொல்லி அனுப்புகிறார்களோ என்ற ஐயம் அந்தக் கேள்விக்குள் இருந்தது. அந்த ஐயத்தைப் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன் என்பதால்தான், இந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தாத்தாவின் தாடையும் பேரனின் தாடையும் ஒரே எலும்பு அல்ல என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு மண்டையோடு முகத்தைப் போல் எட்டு மடங்கு பெரியது. வளர்ந்தவருக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்குதான். சிறு வயதில் அடியை நெற்றியும் மண்டையும் வாங்கிக்கொள்கின்றன, முகம் அவற்றுக்குக் கீழே ஒதுங்கி நிற்கிறது. முக எலும்பு முறிவுகள் அனைத்தையும் சேர்த்து எண்ணினால் குழந்தைகளின் பங்கு 15 விழுக்காட்டைத் தாண்டாது என்பதும், 5 வயதுக்குட்பட்டவர்களின் பங்கு சுமார் 1 விழுக்காடுதான் என்பதும் இதனால்தான். முறிந்தாலும் அந்த எலும்பு காய்ந்த விறகு போலப் பிளப்பதில்லை. பச்சைக் குச்சி போல ஒரு பக்கம் வளைந்து மறுபக்கம் கீறுகிறது. வளர்ந்தவருக்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும் இணைப்பு குழந்தைக்கு இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடுகிறது. இந்த வேகம் வரமாகவும் இருக்கிறது, தொல்லையாகவும் இருக்கிறது: விலகிய துண்டுகளை ஐந்து முதல் ஏழு நாட்களுக்குள் சரிசெய்யாவிட்டால், அவை விலகிய நிலையிலேயே ஒட்டத் தொடங்கிவிடும்.

இன்னொரு வேறுபாட்டை வெளியிலிருந்து பார்க்க முடியாது. எட்டு வயதுக் குழந்தையின் தாடைக்குள் இன்னும் முளைக்காத நிலைப்பற்கள் அடுக்கடுக்காகப் படுத்திருக்கின்றன. எலும்பு என்று நாம் நினைக்கும் இடத்தில் பாதி உண்மையில் பல்முளை. அங்கே செலுத்தும் ஒரு ஸ்க்ரூ நாலு வருடம் கழித்து முளைக்க வேண்டிய பல்லைக் குத்திவிடலாம்.

ஆகவே மருத்துவர் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு எனலாம். வலிமருந்தும் மென்மையான உணவும் கொடுத்துக் கண்காணிப்பது ஒன்று. அறுக்காமல் துண்டுகளைச் சேர்த்து, பற்களின் உதவியால் ரப்பராலோ கம்பியாலோ கட்டி வைப்பது அடுத்தது. திறந்து டைட்டானியம் பிளேட் வைப்பது மூன்றாவது. உடலில் மெல்லக் கரைந்துபோகும் பிளேட் வைப்பது நான்காவது. எது உயர்ந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த எலும்பு, எத்தனை வயது, எவ்வளவு விலகல், பல்லின் கடி, அதாவது மேல்கீழ்ப் பற்கள் சேரும் விதம், மாறியிருக்கிறதா என்ற கேள்விகளுக்குப் பிறகுதான் பதில் வரும்.

அந்தப் பையனின் மூட்டுக் கழுத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் குழந்தைகளின் கீழ்த்தாடையில் அதிகம் உடையும் இடம் அதுதான். அதைத் திறந்து பிளேட் வைக்க வேண்டுமானால் காதுக்கு முன்னாலோ தாடைக்குக் கீழோ அறுத்து, முகத்தை அசைக்கும் நரம்பின் கிளைகளுக்கு நடுவே போக வேண்டும். வளர்ந்து கொண்டிருக்கும் ஒரு மூட்டின் இரத்த ஓட்டத்தையும் அது குலைக்கக்கூடும். இவ்வளவு செய்து நேராக்கிய எலும்பு எப்படி இருக்குமோ, ஏறத்தாழ அதே நிலைக்குச் சிறு குழந்தையின் மூட்டு தானாகவே தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும். கோணலாகச் சேர்ந்த கழுத்து, தாடை அசைய அசைய, மாதக்கணக்கில் மீண்டும் உருப்பெறுகிறது. இந்த ஆற்றல் வயது ஏற ஏறக் குறைகிறது. 12 வயதைத் தாண்டியவர்களுக்குத் திறப்பதா வேண்டாமா என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் உடைந்த குமிழ் மண்டைக்குள் ஏறியிருந்தாலோ, கண்ணாடித் துண்டோ குண்டோ மூட்டில் தங்கியிருந்தாலோ, எந்தக் கட்டாலும் பல்லின் கடியைச் சேர்க்க முடியாவிட்டாலோ வயது பார்க்காமல் திறக்க வேண்டியிருக்கும்.

இங்கே குடும்பங்கள் அஞ்ச வேண்டியது அறுவை செய்யாமல் விடுவதற்கு அல்ல, அதிக நாள் கட்டி வைப்பதற்குத்தான். எலும்பு உடைந்தால் அசையாமல் வைக்க வேண்டும் என்ற பொது அறிவு மூட்டுக்குப் பொருந்தாது. அசையாத மூட்டில் தேங்கிய இரத்தம் இறுகி எலும்பாகி, தாடையையும் மண்டையையும் ஒன்றாக ஒட்டிவிடலாம்; பிறகு வாய் திறக்காது, அந்தப் பக்கத் தாடை வளராது. ஐந்தாறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூட்டுக் கழுத்து குட்டையாகவும் தடிமனாகவும் இருப்பதால், முறிவதற்குப் பதிலாகக் குமிழே நசுங்கிவிடுகிறது. இந்த ஒட்டும் ஆபத்து அவர்களுக்குத்தான் மிக அதிகம். கடி சரியாக இருந்தால் கட்டே வேண்டாம்; மாறியிருந்தால் ஏழு முதல் பத்து நாள் வரை, அதற்கு மேல் போகக் கூடாது. இரண்டு பக்க மூட்டும் உடைந்து முன்பற்கள் சேராமல் திறந்து நிற்கும் குழந்தைக்கும் ரப்பர் வளையங்கள் பெரும்பாலும் போதுமானவை.

அந்தப் பையனுக்கு நான் பார்த்த சிகிச்சையின் பெரும்பகுதி ஒரு கண்ணாடியும் ஐஸ்கிரீம் குச்சிகளும்தான். பற்களில் ஒட்டிய சிறு கொக்கிகளிலிருந்து எட்டாம் நாள் ரப்பரைக் கழற்றினார்கள். அன்று அவன் வாயில் பல்லுக்கு நடுவே ஏழு குச்சிகளை அடுக்கி நுழைக்க முடிந்தது. குளியலறைக் கண்ணாடியில் ஆயா நேர்கோடாக ஒரு டேப்பை ஒட்டினார். அந்தக் கோட்டை விட்டு மோவாய் விலகாமல் ஒரு நாளைக்கு ஐந்து முறை திறந்து மூட வேண்டும், மூன்று நாளுக்கு ஒரு முறை ஒரு குச்சி கூட வேண்டும். அவனுடைய மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி அவன் வாய்க்குள் நுழைக்க முடிந்தால் திறப்பு போதும் என்பது கணக்கு. இதை அறுவையைவிட எளிது என்று எண்ணிவிடக் கூடாது. அறுவையில் உழைப்பவர் மருத்துவர். இதில் வீட்டில் ஒருவர் மூன்று மாதம் விடாமல் கூடவே நிற்க வேண்டும். அப்படி நிற்க ஆள் இல்லாத வீட்டுக்கு இந்த வழியைப் பரிந்துரைக்க நான் தயங்குவேன், அல்லது பயிற்சிக்கு வாரம் இருமுறை மருத்துவமனைக்கே வரச் சொல்வேன்.

தாடையின் உடலிலும் (பற்கள் அமர்ந்திருக்கும் பகுதி) மோவாயிலும் ஏற்படும் முறிவுக்குக் கணக்கு வேறு. விலகாத கீறல் என்றால் மென்மையான உணவோடு விட்டுவிடலாம். விலகியிருந்தால் சேர்த்துப் பிடித்தாக வேண்டும், அதற்குப் பிடிமானம் பற்கள்தான். இங்கே வயது தலையிடுகிறது. இரண்டு வயதுக்கு முன் கட்டுவதற்குப் போதிய பற்கள் இல்லை. மூன்று முதல் ஐந்து வயது வரை பால்பற்கள் உறுதியாக இருக்கின்றன, ஆனால் அவை குட்டையாகவும் கூம்பு வடிவிலும் இருப்பதால் கம்பி வழுக்கிக் கழன்று வருகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை பாதிப் பற்கள் ஆடுகின்றன, மீதிப் பாதி அரைகுறையாக முளைத்திருக்கின்றன. அதனால் சிறு குழந்தைகளுக்கு, கீழ்ப்பற்களின் மேல் தொப்பி போல அக்ரிலிக் மூடியைச் செய்து வைத்து, அதைத் தாடை எலும்பைச் சுற்றிக் கம்பியால் இரண்டு மூன்று வாரம் பிடித்து வைக்கும் பழைய முறையே இன்றும் நல்ல முறையாக இருக்கிறது. பல்முளை எதையும் அது தொடுவதில்லை. குறை என்னவென்றால், அச்சு எடுக்க ஒரு மயக்கமும் பொருத்த இன்னொரு மயக்கமும் தேவைப்படலாம். மூடியைச் செய்ய ஆய்வகமும் தேவை.

வாயையே கம்பியால் கட்டி அனுப்பினால், வீட்டுக்குப் போகும் குடும்பம் கையோடு ஒரு கம்பி வெட்டியை எடுத்துப்போக வேண்டும், எந்தக் கம்பிகளை வெட்ட வேண்டும் என்று காட்டச் சொல்லியும் கேட்க வேண்டும். குழந்தை நள்ளிரவில் வாந்தி எடுத்தால் அந்த வெட்டி தலையணைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், சமையலறை அலமாரியில் அல்ல. ரப்பராக இருந்தால் சாதாரணக் கத்தரிக்கோலே போதும். முடிந்த இடத்திலெல்லாம் கம்பியைவிட ரப்பரை நான் விரும்புவதற்கு இது ஒன்றே போதுமான காரணம். உணவைப் பற்றி இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆடி மாதம் மாரியம்மனுக்கு ஊற்றும் கூழைக் கொஞ்சம் தளர்த்தி, பருப்பு நீரும் பாலும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் எடை குறையாது. பில்டோங் என்னும் உலர்ந்த இறைச்சியையும் ரோட்டியையும் மட்டும் ஒளித்து வைக்க வேண்டும்.

பிளேட் எப்போது? துண்டுகள் அதிகம் விலகி, பற்களை நம்பிச் சேர்க்க முடியாதபோதும், தாடை இரண்டு மூன்று இடங்களில் உடைந்திருக்கும்போதும், நிலைப்பற்கள் முளைத்து முடித்த பதின்ம வயதிலும் பிளேட்டே நேர்வழி. வாயைக் கட்ட வேண்டாம், மறுநாளே பேசலாம், கூழ் குடிக்கலாம், பள்ளிக்கும் சீக்கிரம் போகலாம். சிறு குழந்தைக்கு வைத்தால், பல்முளைகளுக்குக் கீழே தாடையின் அடிவிளிம்பில் வைத்து, எலும்பின் வெளிச்சுவரை மட்டும் துளைக்கும் குட்டை ஸ்க்ரூக்களைப் போடுகிறார்கள். மோவாய்ப் பகுதியில் கோரைப்பல்லின் முளை அடிவிளிம்பு வரை இறங்கியிருக்கும் என்பதால் அங்கே இடம் மிகக் குறுகலானது. எலும்பு சேர்ந்ததும், சுமார் இரண்டு மூன்று மாதத்தில், டைட்டானியத்தை எடுத்துவிடலாம் என்பவர்கள் பலர். தொந்தரவு கொடுக்காதவரை அப்படியே விடலாம் என்பவர்களும் உண்டு. வளரும் எலும்பு வெளிப்பக்கம் சேர்ந்தும் உட்பக்கம் தேய்ந்தும் நகர்வதால், மண்டையோட்டில் விட்ட பிளேட் சில ஆண்டுகளில் உட்பக்கத்துக்குப் போய்விடுவதைக் கண்டிருக்கிறார்கள். எடுப்பது இன்னொரு மயக்கம், இன்னொரு வடு என்பதை முதல் அறுவைக்கு ஒப்புக்கொள்ளும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கரையும் பிளேட் இந்த இரண்டாவது அறுவையைத் தவிர்ப்பதற்காக வந்தது. பாலிலாக்டிக், பாலிகிளைகாலிக் அமிலங்களால் ஆன அந்தத் தகட்டைச் சூடாக்கி இளக்கி வளைக்கிறார்கள். ஓராண்டு இரண்டாண்டில் அது உடலில் கரைந்துவிடுகிறது. கேட்பதற்கு எல்லாக் குறையும் தீர்ந்ததுபோலத் தோன்றும். ஆனால் டைட்டானியத்தின் வலிமை அதற்கு இல்லாததால் தடிமனாகச் செய்ய வேண்டியிருக்கிறது, மெல்லிய தோலுக்கடியில் அது தட்டுப்படுகிறது, சிலருக்குக் கரையும் காலத்தில் வீக்கமும் வருகிறது, விலையும் கூடுதல். மெல்லும் விசை படாத நெற்றி, கண்குழி விளிம்பு ஆகிய இடங்களுக்கு அது பொருத்தமானது. தாடைக்கு அதைக் கேட்டுப் பெற வேண்டும் என்று வற்புறுத்தும் பெற்றோரிடம், அது உங்கள் மருத்துவருக்குப் பழக்கமான பொருளா என்று முதலில் கேளுங்கள் என்றே சொல்வேன்.

இதுவரை சொன்னதெல்லாம் பொறுமைக்குச் சாதகமாக இருந்தது. பொறுமை கண்ணைக் கெடுத்துவிடும் இடம் ஒன்று உண்டு. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன். கால்பந்தாட்டத்தில் இன்னொருவன் முழங்கை கண்ணில் படுகிறது. வீக்கம் அதிகமில்லை, கண் சிவக்கவும் இல்லை. ஆனால் வாந்தி எடுக்கிறான், சோர்ந்து படுக்கிறான், நாடித் துடிப்பு மெதுவாக இருக்கிறது. தலையில் அடிபட்டதால்தான் வாந்தி என்று நினைத்து ஒரு நாள் பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நடந்திருப்பது வேறு. கண்குழியின் அடித்தளம் குழந்தைகளுக்கு வளையும் தன்மை கொண்டது. அடிபட்ட கணத்தில் அது கீழ்நோக்கித் திறந்த கதவு போலத் திறந்து, கண்ணை அசைக்கும் தசையை உள்ளே வாங்கிக்கொண்டு மீண்டும் மூடிக்கொள்கிறது. வெள்ளைக் கண் முறிவு என்ற பெயரை இதற்கு 1998-இல் கொடுத்தார்கள், கண் வெள்ளையாகவே இருப்பதால். சிக்கிய தசை இழுபடும்போது எழும் அனிச்சைச் செயலால்தான் வாந்தியும் மெதுவான நாடியும் வருகின்றன. முறிவு சிறியது என்பதால் ஸ்கேனிலும் கண்ணில் படாமல் போகலாம்.

வளர்ந்தவருக்கு வீக்கம் வடியட்டும் என்று இரண்டு வாரம் வரை காத்திருக்கும் அதே முறிவுக்கு, தசை சிக்கிய குழந்தைக்கு 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்ய வேண்டும். அதற்கு மேல் போனால் இரத்த ஓட்டம் நின்ற தசை நாராகிவிடும். பிறகு எத்தனை அறுவை செய்தாலும் மேலே பார்க்கும்போது இரண்டு இரண்டாகத் தெரியலாம். இதைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு சோதனை உதவும்: குழந்தையின் தலையை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுகை விரலை அவன் கண்ணுக்கு முன்னால் மெல்ல மேலே உயர்த்திப் பாருங்கள். ஒரு கண் விரலைத் தொடர்ந்து போய், மற்றது பாதியில் நின்றால், வலி என்று முகத்தைச் சுளித்தால், அவசரப் பிரிவில் முதல் வாக்கியமாக அதையே சொல்லுங்கள். தசை சிக்காமல், இரட்டைப் பார்வையும் இல்லாமல் வெறும் கீறல் மட்டும் இருந்தால் அறுவை வேண்டாம், மூக்கைச் சிந்தாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மூக்கிலும் இப்படி ஓர் அவசரம் உண்டு. மூக்குத் தண்டின் இரு பக்கமும் உள்ளே சிவந்து மெத்தென்று உப்பியிருந்தால் அது உறைந்த இரத்தம். அன்றே வடிக்காவிட்டால் மூன்று நான்கு நாளில் குருத்தெலும்பு கரைந்து மூக்கு நடுவில் குழிந்துவிடும். எலும்பு மட்டும் கோணியிருந்தால் வீக்கம் வடிந்த பிறகு, ஒரு வாரத்துக்குள், மயக்கத்தில் நிமிர்த்திவிடுவார்கள். மூக்கின் வடிவத்தைத் திருத்தும் பெரிய அறுவை வளர்ச்சி முடிந்த பிறகுதான். நெற்றி, கண்குழிக் கூரை முறிவுகள் மூளை மருத்துவரோடு சேர்ந்து பார்க்க வேண்டியவை; அவற்றில் பெரும்பாலானவை கண்காணிப்பிலேயே முடிகின்றன.

அரசு மருத்துவமனையா தனியாரா என்ற கேள்வியை எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். எனக்கு அது இரண்டாவது கேள்வி. மெடிக்கல் எய்ட் என்னும் தனியார் மருத்துவக் காப்பீடு இல்லாத 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரசு மருத்துவம் 1994 முதல் இலவசம். சாட்ஸ்வர்த் குடும்பங்கள் பெரும்பாலும் ஆர். கே. கான் மருத்துவமனைக்கும், ஃபீனிக்ஸ் குடும்பங்கள் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனைக்கும் போகின்றன. சிறப்புச் சிகிச்சை தரும் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனைக்குப் பரிந்துரை இல்லாமல் நேரே போக முடியாது. பரிந்துரைச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் ஒரு நாளைத் தின்னும் என்பதைத்தான் கணக்கில் வைக்க வேண்டும். புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் கூட்டத்தில் விழுந்த குழந்தையை விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை காட்டலாம் என்று வைத்திருந்தால், விலகிய துண்டுகளைச் சரிசெய்யக் கிடைக்கும் அந்த ஐந்து நாளில் நாலு போய்விட்டது. மெடிக்கல் எய்ட் வைத்திருப்பவர்களுக்கு உண்மையான அவசரம் எந்தத் திட்டத்திலும் அடங்கும். ஆனால் பிளேட் போன்ற உள்பொருத்திகளுக்குப் பல திட்டங்களில் தனி வரம்பு இருக்கிறது, முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. 12 வயது நிறைந்து புரிந்துகொள்ளும் பக்குவமும் இருக்கும் பிள்ளை, பெற்றோரின் துணையோடு அறுவைக்குத் தானே ஒப்புதல் தரலாம் என்பது இந்நாட்டுக் குழந்தைகள் சட்டம். எனவே மருத்துவர் அவனிடம் நேராகப் பேசினால் உங்களை ஒதுக்குவதாக எண்ண வேண்டாம். எப்படி விழுந்தான் என்று இரண்டு மூன்று பேர் தனித்தனியாகக் கேட்பதையும் அவ்வாறே கொள்ளுங்கள்; அடித்து வந்த காயம் என்று ஐயம் எழுந்தால் தெரிவிக்க வேண்டிய சட்டக் கடமை அவர்களுக்கு உண்டு.

எந்த வழியைத் தேர்ந்தாலும் தொடர்ந்து வர முடியுமா என்பதே எனக்கு முதல் கேள்வி. மூட்டில் அடிபட்ட குழந்தையை முதல் ஆண்டில் சில முறையும், பிறகு ஆண்டுக்கொரு முறையும், தாடை வளர்ச்சி நிற்கும் வரை பார்க்க வேண்டும். ஒரு பக்கம் பின்தங்குவதைச் சீக்கிரம் கண்டால் பல் சீரமைப்புக் கருவியாலேயே வழிக்குக் கொண்டுவர முடியும்.

அந்தப் பையனுக்கு மூன்றாம் மாதம் மூன்று விரலும் நுழைந்தன. வாயை முழுவதும் திறக்கும்போது மோவாய் இன்னும் ஒரு நெல் அளவு இடப்பக்கம் ஒதுங்குகிறது. ஓராண்டு கழித்து எடுத்த படத்தில் கழுத்து சற்றே சாய்ந்திருந்தாலும் குமிழ் உருண்டையாகத் தன் குழியில் உட்கார்ந்திருந்தது. தாத்தா அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் நெடுநேரம் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, அடுத்த வருடத்துக்கான தேதியைத் தன் டைரியில் தானே எழுதிக்கொண்டார்.